குஞ்சு சேவலா, பெட்டையா? கூவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழி

பதினோராவது வாரத்தில், இருள் பிரியாத ஒரு காலையில், மல்லிகா கூவினாள். கூவல் என்று சொல்வது அதிகம். எண்ணெய் காணாத கதவுக் கீல் பாதியில் சிக்கிக்கொண்ட சத்தம். ஆனால் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, முழுப் பொறுப்போடு எழுப்பிய சத்தம். பெட்டை என்று நம்பிப் பெயர் வைத்தவன் நான்தான். ஒன்பது குஞ்சுகளில் ஆறு பெட்டை என்று ஐந்தாம் வாரமே கணக்கை முடித்திருந்தேன். கடைசியில் தேறியது நான்கு. எங்கே பிசகினேன் என்று பழைய புகைப்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

குஞ்சுகளுக்குச் சூடும் தண்ணீரும் தீவனமும் கொடுக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: முட்டை ஜோசியத்தை விடுங்கள்

கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பார்கள். நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிடச் சொல்வார்கள். பிறக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல் என்பதால் எந்த ஜோசியமும் பாதி தடவை பலித்துவிடும். பலித்தது மட்டும் நினைவில் நிற்கும். அடைகாக்கும் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துப் பெட்டைகளை அதிகமாக்கலாம் என்பதும் வீண் பேச்சு. பல ஆமைகளிலும் முதலையிலும் நடப்பது கோழியில் நடக்காது. கோழியில் அதைத் தீர்மானிப்பது தாயின் கருமுட்டையில் உள்ள குரோமோசோம். முட்டைக்கு ஓடு உருவாவதற்கு முன்பே அது முடிந்துபோன சங்கதி.

படி 2: தாய் தந்தை எந்த இனம் என்று விசாரியுங்கள்

சில கலப்புகளில் முதல் நாளே விடை கிடைத்துவிடும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளில் தலையில் வெண்புள்ளி உள்ளது சேவல், இல்லாதது பெட்டை. ஜோடியைத் திருப்பிப் போட்டால் இது வேலை செய்யாது. இந்தக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேர்ந்து இடும் முட்டைகளுக்கும் பொருந்தாது.

சிறகு பார்க்கும் முறையும் அப்படித்தான். குஞ்சின் சிறகை விசிறிபோல விரித்தால் இரண்டு வரிசை இறகு முளைகள் தெரியும். ஒரு வரிசை நன்றாக நீண்டும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம் என்றால் சேவல் என்பது கணக்கு. ஆனால் தாய் மெதுவாக இறகு முளைக்கும் மரபையும் தந்தை வேகமாக முளைக்கும் மரபையும் சேர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அதையும் முதல் ஓரிரு நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும். பெற்றோர் தெரியாத குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

ஆசனவாயை விரித்துப் பார்க்கும் முறை 1920-களில் ஜப்பானில் உருவானது. பழகிய கண்ணுக்கு அது கைகொடுக்கும். பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் காயப்படும். அதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் விட்டுவிடுங்கள்.

படி 3: அடையாளம் போடுங்கள், வாரம் ஒரு படம் எடுங்கள்

‘அந்தப் பழுப்புக் குஞ்சு’ என்று மனத்தில் வைத்திருந்தால் நான்காம் வாரம் மூன்று பழுப்புக் குஞ்சுகள் உங்களைப் பார்த்து விழிக்கும். காலில் வண்ண வளையம் போடுங்கள். சுருள் சுருளாக இருக்கும் பிளாஸ்டிக் வளையம்தான் என் தேர்வு, விரலாலேயே கழற்றிவிடலாம். ஒயர் கட்டும் பட்டையை நான் வெறுக்கிறேன்: இறுகிவிட்டால் கத்தரியால்தான் வெட்ட வேண்டும், குஞ்சோ காலை உதறிக்கொண்டே இருக்கும். எந்த வளையமானாலும் குஞ்சின் கால் வளர்கிறது, வளையம் வளர்வதில்லை. வாரம் ஒருமுறை உள்ளே ஒரு தீக்குச்சியாவது நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு பெட்டைக்கு நான் இதைத் தவறவிட்டு, கால் வீங்கிய பிறகுதான் கவனித்தேன்.

படம் எடுக்கும்போது ஒரே வெள்ளைத் துணி, ஒரே வெளிச்சம், தலையின் பக்கவாட்டுத் தோற்றம். இவை போதும்.

படி 4: கொண்டையைப் பாருங்கள், ஆனால் யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

நான் குப்புற விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொதுவிதி எளிது. நான்காம் வாரத்திலிருந்து சேவல் குஞ்சின் கொண்டை வேகமாக வளர்ந்து சிவக்கத் தொடங்கும், தாடியும் எட்டிப்பார்க்கும். பெட்டையின் கொண்டை சிறிதாக, வெளிறிய மஞ்சளாகவே நிற்கும். நானும் ஒன்பது குஞ்சுகளையும் வரிசையாக நிறுத்திப் பெரிய கொண்டையெல்லாம் சேவல், சின்னக் கொண்டையெல்லாம் பெட்டை என்று பிரித்தேன்.

தவறு அந்த வரிசையிலேயே இருந்தது. என்னிடம் இருந்தவை ஒரே இனமல்ல. லெகார்ன் பெட்டைக்குக் கொண்டை சீக்கிரமே பெரிதாகும். பிரம்மா போன்ற இனங்களில் கொண்டை மூன்று வரிசையாகத் தலையோடு ஒட்டிக் கிடக்கும். சேவலானாலும் ஐந்தாம் வாரத்தில் ஒன்றும் எழும்பியிருக்காது. மல்லிகாவுக்கு அந்த ஒட்டுக் கொண்டை. பக்கத்தில் நின்ற லெகார்ன் பெட்டையோடு ஒப்பிட்டு, ‘இவ்வளவு சின்னக் கொண்டையா, நிச்சயம் பெட்டை’ என்று எழுதி வைத்தேன். இப்போது அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவரிசை மட்டும் மற்ற இரண்டைவிடத் தடித்து, ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறியிருப்பது தெரிகிறது. அன்றும் அது அங்கேதான் இருந்தது.

ஆகவே, ஒரே இனத்தை, ஒரே நாளில் பொரித்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள். அளவைவிட நிறத்துக்கு மதிப்புக் கொடுங்கள். ஆறாவது வாரத்தில் கொண்டை நன்கு சிவந்திருந்தால் பெரும்பாலும் சேவல். ஒற்றைக் குஞ்சுதான் இருக்கிறது, ஒப்பிட ஆளில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள்.

சண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சோடு நெஞ்சு மோதுவது பெட்டைக் குஞ்சுகளுக்கும் விளையாட்டு. என் கூட்டத்தில் முதல் ரவுடி இன்று முட்டையிடுகிறாள்.

படி 5: வால் தொடங்கும் இடத்தில் இறகைப் பாருங்கள்

காத்திருக்க முடிந்தால் பத்தாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரத்துக்குள் இந்த ஒரு சோதனை போதும். கோழியை அக்குளில் அணைத்துக்கொண்டு, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தை விரலால் நீவுங்கள். பெட்டையின் இறகு நுனி விரல் நகம்போல உருண்டிருக்கும். சேவலுக்கு அந்த இடத்தில் குறுகிய, கூரான, பளபளக்கும் புது இறகுகள் பழைய இறகுகளுக்கு நடுவே கோரைப்புல்போலத் தலைநீட்டி இருபுறமும் சரியும். தொடக்கத்தில் நாலைந்துதான் இருக்கும். நிழலில் தெரியாது; வெயிலில் திருப்பிப் பார்த்தால் மின்னும். ஒரு கூர் இறகு உறுதியாகத் தெரிந்தால் சேவல் என்று எழுதிவிடுங்கள்.

விலக்கு உண்டு. செப்ரைட் இனத்தில் சேவலுக்கும் பெட்டையின் இறகுதான். பஞ்சு இறகு கொண்ட சில்கி கடைசிவரை ஆட்டம் காட்டும். பொறுக்க முடியாதவர்கள் ஓர் இறகைப் பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஒன்பது குஞ்சுக்கும் அனுப்பும் அளவுக்கு எனக்கு அவசரமில்லை.

படி 6: சேவல்தான். இப்போது?

முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு வேண்டுமானால்தான் தேவை. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நான்கு பெட்டைகளோடு ஐந்து சேவல்களை விட்டுவைத்த இரண்டு வாரத்தில், மிதிபட்டு மிதிபட்டுப் பெட்டைகளின் முதுகில் இறகு போய்த் தோல் தெரிந்தது. நான்காம் மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஒன்றை வைத்துக்கொள்வதானால், தீனி கிடைத்ததும் தான் தின்னாமல் கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடுகிறவனை வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் காலைக் கொத்துகிறவன் எவ்வளவு அழகனானாலும் வேண்டாம். மீதியை வேறு வீட்டுக்குக் கொடுப்பதா, அறுப்பதா என்பது உங்கள் முடிவு. கொடுப்பதானால் ‘பெட்டையாகவும் இருக்கலாம்’ என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். எல்லாச் சேவல்களையும் வைத்துக்கொள்ள ஆசையென்றால் தனிக் கொட்டில் போடுங்கள், அங்கிருந்து பெட்டைகள் கண்ணில் படக்கூடாது. கண்ணில் படாதவரை பெரும்பாலும் சமாதானமாக இருப்பார்கள்.

அதிகாலைக் கூவலை முழுதாக நிறுத்த வழியில்லை. வெளிச்சமே மாறாத அறையிலும் சேவல்கள் தம் உடற்கடிகாரப்படி கூவுவதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். ஆனாலும் வெளிச்சமும் மற்றச் சேவல்களின் குரலும் கூவலைத் தூண்டும் என்பதால், காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் இரவு அடைத்து, விடிந்து நேரமான பின் திறந்துவிடுவது எனக்குப் பாதி பலன் தந்தது. கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அடக்கும் சாதனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சற்று இறுகினால் மூச்சுத் திணறும்.

பிற்சேர்க்கை

தீவனத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நான்கு சதவீதம் அளவுக்கு இருக்கும். வளரும் குஞ்சுகளின் சிறுநீரகத்துக்கு அது கேடு, சேவலுக்கும் தேவையில்லை. கலந்து வளர்த்தால் வளரும் கோழிக்கான தீவனத்தையே எல்லோருக்கும் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெட்டைகள் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

இன்னொருவர், பதினெட்டாம் வாரத்தில் தம் பெட்டையின் கொண்டை திடீரென்று சிவந்துவிட்டதாகப் பதறி எழுதியிருந்தார். முட்டையிடும் காலம் நெருங்கினால் பெட்டைக்கும் கொண்டை சிவக்கும். முதுகில் கை வைத்தால் சிறகைச் சற்று விரித்துப் பதுங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பதுங்கியதாம். ஒன்பதாம் நாள் முட்டையின் படத்தை அனுப்பியிருந்தார், புறா முட்டையைவிடச் சற்றுப் பெரியது.