மாதச் சந்தா கட்டாமல் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை எனக்கு. வீடு வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும், அதற்குள் பார்க்க நினைத்ததெல்லாம் ஓடி முடிந்திருக்கும். இரண்டு வருடமாக தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பதிவு செய்து வைத்து ராத்திரி சாப்பிடும்போது பார்க்கிறேன், மாதம் ஒரு ரூபாய் செலவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சன், விஜய் சீரியலுக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் வேண்டாம், அவை கட்டணச் சேனல்கள், இதில் வராது. டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான்), டிடி ஸ்போர்ட்ஸ், செய்திச் சேனல்கள் போதும் என்பவர்களுக்கு இது சரியாக இருக்கும். கிரிக்கெட்டில் முக்கியமான இந்திய ஆட்டங்களைத் தூர்தர்ஷனுக்கும் பகிர வேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது, அதனால் அதுவும் கிடைக்கும்.

வாங்க வேண்டியது ஒரு டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவி), யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள செட்டாப் பாக்ஸ். யூஎஸ்பி ஓட்டை இருந்தால் பதிவாகும் என்று நினைக்காதீர்கள், சில பாக்ஸில் அது பாட்டுக் கேட்க மட்டும்தான். கடையிலேயே ஒரு பென்டிரைவைச் செருகி, ரிமோட்டில் சிவப்புப் புள்ளி உள்ள பொத்தானை அழுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

செயற்கைக்கோள் ஜிசாட்-15, அது நிற்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. சேலத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வடக்கிலிருந்து சுமார் 126 டிகிரி, வானத்தில் 67 டிகிரி உயரம். தட்டைப் பார்த்தால் அவ்வளவு நிமிர்ந்த மாதிரி தெரியாது, அதன் வளைவு அப்படி, பயப்பட வேண்டாம். இவ்வளவு உயரத்தில் இருப்பதால் ஜருகுமலையோ பக்கத்து மாடியோ பெரும்பாலும் மறைக்காது. ஏற்காட்டில் கதை வேறு. நாகலூர்ப் பக்கம் மாமா வீட்டில் சிக்னல் வரவே இல்லை, எல்என்பியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், கடைசியில் பார்த்தால் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரம் நேர் குறுக்கே நிற்கிறது. மரத்தை வெட்ட முடியுமா, டிஷ்ஷைக் கொட்டகைக் கூரைக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. மலைமேல் மூடுபனி ஒன்றும் செய்யாது, அடைமழைதான் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும்.

அப்புறம் பென்டிரைவ். பாக்ஸின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பெரும்பாலும் ஃபேட்32 ஆக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, அதனால் நீண்ட ஆட்டம் இரண்டு மூன்று துண்டாக வரும், குழம்ப வேண்டாம். சாதாரண சேனல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 ஜிபி பிடிக்கும், 32 ஜிபி பென்டிரைவ் ஒரு வாரத்துக்குத் தாராளம். ஹார்டு டிஸ்க் வேண்டுமென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகக் கொடுங்கள், பாக்ஸ் தரும் கரண்ட் பல நேரம் அதற்குப் பற்றாது.

நான் சறுக்கியது டைமரில். மார்கழியில் அம்மாவுக்காக மாலை ஏழு மணிக் கச்சேரியைப் பதிவுக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சரி, ஏதோ கோளாறு என்று படுத்துவிட்டோம், நள்ளிரவு பன்னிரண்டரைக்கு பாக்ஸ் தானாக விழித்துக்கொண்டு வேறு எதையோ பதிய ஆரம்பித்தது! பாக்ஸின் நேர மண்டலம் ஜிஎம்டியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், இருந்திருக்கிறது. ஆகவே முதல் வேலையாக அதை +5:30 என்று மாற்றி, திரையில் காட்டும் மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் முன், பத்து நிமிடம் பின் கூட்டிப் போடுங்கள். பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணையுங்கள், சுவிட்சை அணைத்தால் டைமர் வேலை செய்யாது. எங்கள் வீட்டில் "கரண்டு வேஸ்ட்" என்று அப்பா அதைத்தான் அணைப்பார், இப்போது சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருக்கிறது.

பாக்ஸுக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றுதான் இருக்கிறது, பதிவு ஓடும்போது வேறு சேனல் பார்க்க ஆசைப்படாதீர்கள். மாதாந்திர மின்தடை நாளில் பாக்ஸையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள்.

நம் சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்ய 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. யூடியூபில் ஏற்றினால் அது வேறு கதை. கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் பெரும்பாலான கோப்புகளை ஓட்டும், சில பாக்ஸ்கள் பதிந்ததை அந்த பாக்ஸ் மட்டுமே திறக்கும். பென்டிரைவை எடுக்கும் முன் நிறுத்து பொத்தானை அழுத்திப் பத்து விநாடி பொறுங்கள், ஓடும்போதே உருவினால் கடைசிக் கோப்பு போய்விடும்.