மணி அடிக்காத நாட்கள்: ஊரடங்கில் பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியை மூடிவிட்டால் தலைமையாசிரியருக்கு வேலை குறையும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் வேலை கூடத்தான் செய்யும். 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐ உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களுக்குள் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் பூட்டப்பட்டு, ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டோடு இருந்தார்கள். அவர்களுடைய படிப்பு என்ன ஆனது என்று நிறையப் பேசியாகிவிட்டது. அந்தப் பள்ளிகளை ஒரு போனையும் ஒரு மேசையையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே நடத்தியவர்கள் எப்போது சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், யாரிடம் மனம்விட்டுப் பேசினார்கள் என்பதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது ஒரு பள்ளியின் பொறுப்பில் இருந்தேன். இன்னொரு தொற்று, வெள்ளம், கடும் வெயில் என்று ஏதோ ஒரு காரணத்தால் பள்ளியை மறுபடி மூட வேண்டி வரலாம். அப்போது பொறுப்பில் இருப்பவருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாளின் முடிவை முதலில் தீர்மானியுங்கள்

எல்லோரும் காலை அட்டவணையில்தான் ஆரம்பிப்பார்கள். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்கு முதல் வகுப்பு என்று. நான் தலைகீழாகச் சொல்கிறேன், முடிக்கும் நேரத்தில் ஆரம்பியுங்கள். பள்ளியில் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் போவார்கள், ஆசிரியர்கள் போவார்கள், கதவைப் பூட்டுவார்கள், நீங்களும் கிளம்பித்தான் ஆக வேண்டும். வீட்டில் அந்த மணி இல்லை. காலை வகுப்பு எப்படியோ ஆரம்பித்துவிடும், ஆனால் எதுவும் முடிவதே இல்லை. இரவு சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு பெற்றோர், படுக்கப் போகும்போது ஒரு ஆசிரியர், நடுராத்திரியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. ஊரடங்கில் உடம்பும் மனசும் கெடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், நான் பார்த்தவரை பெரிய காரணம் இதுதான்.

அதனால் ஒரு நேரத்தைத் தீர்மானியுங்கள், மாலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் குழுவிலும் பெற்றோர் குழுவிலும் தெளிவாக எழுதிப் போடுங்கள்: இந்த நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு மறுநாள் காலையில் பதில் வரும், பிள்ளையின் பாதுகாப்பு, கடுமையான உடல்நலக் குறைவு, மரணம் இவற்றுக்கு மட்டும் எந்த நேரமும் அழைக்கலாம். அந்த அவசர அழைப்பையும் நீங்கள் ஒருவரே ஏழு நாளும் எடுக்காதீர்கள். உதவித் தலைமையாசிரியர், மூத்த ஆசிரியர்கள் என்று இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. இரவு 11 மணிக்கு ஏதோ ஞாபகம் வந்து, "அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று ஒரு ஆசிரியருக்கு அனுப்புகிறீர்கள். நாளைக்குப் பார்த்தால் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆசிரியருக்குத் தெரிவதெல்லாம் தலைமையாசிரியரின் பெயர் இரவு 11 மணிக்குத் திரையில் மின்னுகிறது என்பது மட்டும்தான். அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் வருமா? ஞாபகம் வந்ததை ஒரு தாளில் எழுதிவைத்துக் காலையில் அனுப்புங்கள்.

காலை

இதில் சொல்ல அதிகம் இல்லை. விடுமுறை நாள் உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், எழுந்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்தில் போய் நில்லுங்கள். மாடி, ஜன்னல், வாசல் எதுவானாலும் சரி. மூளைக்குள் இருக்கும் நாள்கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பும் அந்தக் கடிகாரத்தைப் பின்பற்றித்தான் நடக்கிறது. நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருந்துவிட்டு, இரவில் பிரகாசமான திரையை முகத்துக்கு நேரே பிடித்தால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும்.

பள்ளிக்குப் போய்வரும் நேரம் மிச்சம் என்று அதையும் வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் நடங்கள், வெளியே விடவில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிள்ளைகளுக்கான அந்த 60 நிமிடத்தைப் பள்ளி அட்டவணையிலேயே போட்டு, அந்த நேரத்தில் எந்த வகுப்பும் வைக்காதீர்கள். அட்டவணையில் இல்லாத ஒன்றை எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். செய்திகளைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பார்த்தால் போதும்.

திரையைக் குறையுங்கள்

எட்டுப் பாடவேளையையும் அப்படியே திரைக்குக் கொண்டுபோனால் பள்ளி நடப்பதுபோலத் தோன்றும், பெற்றோரில் சிலருக்குத் திருப்தியாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது தண்டனைதான். சின்ன வகுப்புகளுக்கு அரைமணிக்கும் குறைவான இரண்டு சந்திப்புகள், பெரிய வகுப்புகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மீதி நேரம் புத்தகம், எழுத்து, கைவேலை. கூடுதல் வீட்டுப்பாடம் கேட்டுச் சில பெற்றோர் வற்புறுத்துவார்கள், பெரும்பாலும் பயத்தில்தான் கேட்கிறார்கள். கோபப்படாமல், பாடத்தில் எது மிக அவசியம், எதைப் பள்ளி திறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். பயம் பாதி குறைந்துவிடும்.

ஆசிரியர் கூட்டங்களுக்கும் இதே விதி. காணொளிச் சந்திப்புகள் நம்மை ஏன் இவ்வளவு களைக்க வைக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைச் சொன்னார்: எல்லா முகங்களும் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பு போன்ற சின்ன சைகைகளுக்கும் மூளை கூடுதலாக உழைப்பது. இதில் பாதியை உடனே சரிசெய்யலாம். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தை 25 நிமிடத்தில் முடியுங்கள், இரண்டு பேர் பேச வேண்டிய விஷயத்துக்கு சாதாரணப் போன் போதும், நடந்துகொண்டே பேசலாம். திரை முன்னால் இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள், கண் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள்.

கேமராவை அணைத்துவைக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள், இதை ஆசிரியர்களிடமும் அழுத்திச் சொல்லுங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் பின்னால் யாரோ படுத்திருப்பார்கள், யாரோ உடை மாற்றுவார்கள். தன் வீட்டை வகுப்பு முழுவதும் பார்ப்பதைப் பிள்ளை விரும்பாமல் இருக்கலாம். அது ஒழுங்கீனம் ஆகாது.

ஒரு நோட்டு, ஒரு போன்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு சிறு குழுவைப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஆசிரியர் நேராகப் பேச வேண்டும். பெற்றோரிடம் பேசிவிட்டு வைத்துவிடக் கூடாது, பிள்ளையின் குரலையே கேட்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் தேதி, யார் பேசியது, ஒரு வரிக் குறிப்பு. இரண்டு வாரமாகப் பக்கத்தில் எதுவும் எழுதப்படாத பெயர்கள்தான் உங்கள் சொந்தப் பட்டியல், அந்தப் பிள்ளைகளைத் தலைமையாசிரியரே தேட வேண்டும்.

முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இருக்கக் கூடாது. சாப்பிட்டாயா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், இன்றைக்கு என்ன விளையாடினாய், வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் வெறும் "ம்" என்று பதில் வந்தால், முன்பு நன்றாகப் பேசிய பிள்ளை பேசாமல் இருந்தால், குறித்துக்கொண்டு இரண்டு நாளில் மறுபடி அழையுங்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஸ்பீக்கரில் இருக்கும் போனில் நோண்டிக் கேட்காதீர்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள், அடுத்து எப்போது அழைப்பீர்கள் என்று சொல்லிவையுங்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான உதவி எண்ணில் நீங்களே தகவல் கொடுங்கள். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாத இடம் இது.

ஒரு சிக்கல் வரும். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கும். அவர் இரவு வீடு திரும்பினால்தான் அந்தப் பிள்ளை கிடைக்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, ஆசிரியர்கள் முறை வைத்து அழைக்கட்டும். அழைத்தவர் மறுநாள் காலை தாமதமாக ஆரம்பிக்கட்டும். 6 மணிக்கு முடிக்கும் விதிக்கு இது விலக்குதான், ஆனால் திட்டமிட்ட விலக்கு. திட்டமில்லாமல் தினமும் நடக்கும் விலக்குகள்தான் ஆளைத் தின்னும்.

ஆசிரியர்கள்

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் உங்களால் நிம்மதியாக வேலை செய்ய முடியும்? கைக்குழந்தை வைத்திருப்பவரும், படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிப்பவரும், தனியாக இருப்பவரும் ஒரே அட்டவணையில் ஓட முடியாது. முடியாதவர் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பட்டும். யார் எத்தனை மணிக்கு இணையத்தில் இருந்தார்கள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் ஆசிரியர்கள் உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று, கடினமானது. ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்குள் மரணச் செய்திகள் வரும். ஒரு பிள்ளையின் தாத்தா, ஒரு ஆசிரியரின் கணவர், சில சமயம் ஒரு பிள்ளையின் அம்மாவே. குழுவில் செய்தியாகப் போடாதீர்கள். முதலில் அந்தக் குடும்பத்தை அழைத்துப் பேசுங்கள், மற்றவர்களுக்கு எதைச் சொல்லலாம் என்று கேளுங்கள், அப்புறம் வகுப்பாசிரியரிடம் போனில் சொல்லுங்கள். வகுப்புக்குச் சொல்லும்போது எளிய, நேரடியான வார்த்தை வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் "தூங்கிவிட்டார்", "தூரமாகப் போயிருக்கிறார்" என்று சொன்னால் அவர்கள் தூங்கவே பயப்படுவார்கள், அல்லது காத்திருப்பார்கள். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள், கேள்வி கேட்கவிடுங்கள். அதைச் சொல்லும் நிலையில் அந்த வகுப்பாசிரியர் இல்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள்.

உங்களை யார் கேட்பது

எல்லோரையும் நலமா என்று கேட்கும் ஆளை யாரும் கேட்பதில்லை. இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவரோடு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சுற்றறிக்கை, அட்டவணை எதையும் பேசக் கூடாது, கேட்காமல் ஆலோசனை சொல்லக் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் எல்லாவற்றையும் கொட்ட முடியாது, அவர்களும் அதே நான்கு சுவருக்குள்தான் இருக்கிறார்கள். தூக்கமின்மை, பிடித்த எதிலும் நாட்டமில்லாமை, காரணமில்லாத எரிச்சல் இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். ஆசிரியருக்கு இப்படி இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

6 மணி ஆனதும் மறுநாளின் முதல் வேலையை ஒரு வரியில் எழுதிவைத்து, மடிக்கணினியை மூடி, படுக்கும் அறையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். மேசையே படுக்கும் அறையில்தான் என்றால் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். வேலை கண்ணில் படாமல் இருப்பதே பெரிய உதவி.

பள்ளி திறக்கும்போது

முதல் வாரத்தில் தேர்வு வைக்காதீர்கள். யார் எவ்வளவு மறந்திருக்கிறார்கள் என்று பார்க்க அவசரம் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் உள்ளவற்றில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தேவையானதை மட்டும் அதன் புதிய வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், நோட்டையே கைமாற்றாதீர்கள். முதல் நாள் வராத பிள்ளைகளின் பெயரை அன்று மாலைக்குள் எடுத்து, மறுநாளே வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். வேலைக்குப் போய்விட்ட பிள்ளை, ஊர் மாறிய குடும்பம், கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட பெண் பிள்ளை என்று பல காரணங்கள் இருக்கும், ஒவ்வொரு வாரமும் தாமதிக்கத் தாமதிக்கத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டமாகிக்கொண்டே போகும்.