பழைய ஆங்கில நூல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுகிறோம். அதனால் பெரிய ஆபத்தில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போகும் சொல்தான் காலை வாரிவிடுகிறது.

‘லெட்’ என்ற சொல்லைப் பாருங்கள். தந்தையின் ஆவி கூப்பிடுகிறது, ஹாம்லெட் பின்னால் போகத் துடிக்கிறான், நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ‘என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்’ என்கிறான். இன்றைய பொருளில் படித்தால் ‘என்னைப் போகவிடுகிறவனைக் கொன்றுவிடுவேன்’ என்று ஆகிவிடும். காட்சியே தலைகீழ். அங்கே அந்தச் சொல்லுக்கு ‘தடுப்பது’ என்று பொருள். ஆதியில் இவை இரண்டு வினைகள்: ‘விடு’ என்பது லேட்டன், ‘தடு’ என்பது லெட்டன். காலப்போக்கில் ஒலி ஒன்றாகிப்போனது. தடுப்பதைக் குறித்த சொல் பேச்சிலிருந்து மறைந்தாலும் சட்ட நடையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில், ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ இல்லாமல் இவரைப் போகவிடுங்கள் என்று அச்சிட்டிருக்கிறது.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இந்த மாதிரி நிறைய உண்டு. ‘மீட்’ என்றால் உணவு, இறைச்சி மட்டும் இல்லை. ‘கார்ன்’ என்றால் தானியம். மக்காச்சோளம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்று ‘துன்பப்படு’ என்று பொருள்படும் ‘சஃபர்’ அங்கே பல இடங்களில் ‘அனுமதி’.

அடுத்த தவறு ‘தௌ’ என்பதை மரியாதைச் சொல்லாக நினைப்பது. ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் அது ஏதோ உயர்ந்த சொல் என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையில் ‘தௌ’ நம்முடைய ‘நீ’. ‘யூ’தான் ‘நீங்கள்’. 1603-இல் சர் வால்டர் ராலேயின் ராஜத்துரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை ‘தௌ, துரோகியே’ என்று அழைத்தது வேண்டுமென்றே செய்த அவமானம். நீதிமன்றத்தில் ஒரு பெரிய மனிதரை ‘நீ’ போட்டுப் பேசினால் எப்படி இருக்கும் என்பது தமிழ் படிக்கிற நமக்குச் சொல்லாமலே புரியும்.

ஆனால் இதே அளவுகோலை பைபிளில் வைக்காதீர்கள். அங்கே ‘தௌ’ ஒருமை, ‘யீ’யும் ‘யூ’வும் பன்மை, அவ்வளவுதான், மரியாதைக் கணக்கு கிடையாது. லூக்கா 22-இல் இயேசு சீமோனிடம் பேசும்போது, சாத்தான் ‘உங்களை’ப் புடைக்கக் கேட்டான், நானோ ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன் என்கிறார். ஆபத்து எல்லாச் சீடருக்கும், வேண்டுதல் சீமோனுக்கு. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’ ஆகி, இந்த நுணுக்கம் காணாமல் போகிறது. தமிழ் பைபிளில் அது அப்படியே நிற்கிறது.

‘வேர்ஃபோர்’ என்றால் ‘எங்கே’ இல்லை, ‘ஏன்’. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை. ‘நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்’ என்று ஏங்குகிறாள். அடுத்த வரியிலேயே ‘தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துற’ என்கிறாள். நெற்றியில் கைவைத்துத் தேடுவதுபோல நடித்தால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘நைஸ்’ 14-ஆம் நூற்றாண்டில் ‘முட்டாள்தனமான’ என்று பொருள்பட்டது. ‘அறியாத’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதை வைத்து ‘உண்மையான பொருள் அதுதான்’ என்று இன்று வாதிடுவது சரியல்ல. ஒரு சொல் எந்த ஆண்டு எழுதப்பட்டதோ, அந்த ஆண்டின் வழக்குதான் அதற்குப் பொருள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்டு மேற்கோள் தருகிறது. சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள்.

அப்புறம், ஷேக்ஸ்பியரின் மொழி ‘ஓல்ட் இங்கிலிஷ்’ இல்லை. அந்தப் பெயர் சுமார் 1100-க்கு முந்தைய மொழிக்கு உரியது. பேவுல்ஃப் காவியம் அதில்தான் இருக்கிறது. இன்றைய ஆங்கிலேயரே தனியாகக் கற்காமல் அதைப் படிக்க முடியாது.

பழைய நடையில் எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லா வினையிலும் ‘எத்’ என்ற விகுதியை ஒட்டிவிடுகிறார்கள். அது அவன், அவள், அது ஆகியவற்றுக்கு மட்டும். ‘தௌ’வுக்கு ‘எஸ்ட்’. ‘நான்’ என்பதற்கு இரண்டுமே வராது.