கட்டட வேலைல சாரம் ஏறுறதுக்கு முன்னாடி ஆளுங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்

காலைல வேலை பிரிச்சு விடுறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் எல்லாரையும் சாரத்துக்கிட்ட நிக்க வச்சு பேசுங்க, கையெழுத்து மட்டும் வாங்கிட்டு ட்ரெய்னிங் முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ்.

முதல்ல சேஃப்டி பெல்ட். இடுப்புல மட்டும் கட்டுறது வேணாம், விழுந்தா முதுகெலும்பே உடையலாம், தோள் தொடை ரெண்டையும் பிடிக்கிற ஃபுல் பாடி ஹார்னஸ் தான் வேணும், கொக்கிய தலைக்கு மேல உறுதியான இடத்துல மாட்டணும், சாரக்கம்புல இல்ல. ஒவ்வொருத்தரையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, சித்தாள் அக்காங்களையும் சேர்த்து, அவங்கள தான் எப்பவும் விட்டுடுறாங்க. ஒருதடவ ஆள் விழுந்து தாங்குன பெல்ட்ட திரும்ப குடுக்காதீங்க.

ஏணி, 4 அடி உயரத்துக்கு அதோட கால் சுவத்துல இருந்து 1 அடி தள்ளி இருக்கிற மாதிரி சாயணும்.

வடக்க இருந்து வந்த தம்பிங்களுக்கு இந்தில சொல்ல ஒரு ஆள் வச்சுக்கோங்க.