தமிழ்த் தளத்தைக் கூகுள் தேடலில் மேலே கொண்டுவருவது எப்படி: எழுத்தும் இணைப்பும்

தேடலில் ஒரு பக்கம் வர வேண்டுமென்றால் கூகுள் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தன் இண்டெக்ஸில், அதாவது தேடலுக்கான பட்டியலில், சேர்க்க வேண்டும். யாராவது ஒரு கேள்வியைத் தட்டும்போது அதற்கு இந்தப் பக்கம் பொருத்தம் என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசிப் படிக்கு மட்டும் மெனக்கெடுகிறார்கள். முதல் இரண்டிலேயே பக்கம் தடுக்கி விழுந்திருப்பது பல மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கன்று விற்கும் ஒரு நாற்றுப்பண்ணைக்குத் தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை, நடும் முறை, நோய், உரம் என்று முப்பது நாற்பது பக்கங்கள். இந்தக் கற்பனைத் தளத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

முதலில் கதவு திறந்திருக்கிறதா

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். காசு கிடையாது. சைட்மேப் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) முகவரியைக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் பக்கங்கள் அறிக்கையைத் திறங்கள். இண்டெக்ஸ் ஆகாத பக்கங்களுக்குக் காரணமும் அங்கேயே இருக்கும். இரண்டு காரணங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'கண்டறியப்பட்டது, ஆனால் இண்டெக்ஸ் ஆகவில்லை' என்றால் முகவரி தெரிந்தும் கூகுள் இன்னும் வந்து படிக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குத் தளத்துக்குள்ளிருந்து போதிய இணைப்பு இல்லாமலிருக்கலாம், சர்வர் மந்தமாக இருக்கலாம். 'கிரால் செய்யப்பட்டது, ஆனால் இண்டெக்ஸ் ஆகவில்லை' என்றால் வந்து படித்துவிட்டு வேண்டாமென்று வைத்திருக்கிறது. அப்போது பெரும்பாலும் சரக்கில்தான் குறை: நாலு வரிப் பக்கம், அல்லது ஏற்கெனவே இருக்கும் இன்னொரு பக்கத்தின் நகல்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமென்றால், அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறப்பது அடிக்கடி நடப்பது. இன்னொரு குழப்பம்: எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுள் பக்கத்தைப் படிக்காது, ஆனால் வேறு எங்கிருந்தாவது இணைப்பு இருந்தால் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கலாம். தேடலில் வரவே கூடாதென்றால் இண்டெக்ஸில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியைப் பக்கத்தில் போட வேண்டும். அதைக் கூகுள் படித்தால்தான் அது வேலை செய்யும் என்பதால் அதே பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கக் கூடாது.

தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. தமிழ்த் தளங்கள் அதிகம் இழப்பதும் இங்கேதான்.

பழைய எழுத்துருக்கள் முதல் சிக்கல். பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்றவற்றில் தட்டிய உரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குப்பை. அந்த உரை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாறாத வரை எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அந்தப் பக்கம் வராது. பத்தாண்டு பழைய பிடிஎஃப்களில் இது மலிந்து கிடக்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி, கன்னாபின்னாவென்று வந்தால் மாற்றி எழுதி வலைப்பக்கமாகவே போடுங்கள். விலைப்பட்டியலைப் படமாக ஏற்றுவதும் ஏறக்குறைய இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க வேண்டாம், அட்டவணையாகத் தட்டுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வெவ்வேறு எழுத்துகள். 'கௌ' என்பதை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுத் தட்டுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். 'ஸ்ரீ' என்பதற்கும் யூனிகோடில் இரண்டு விதமான வரிசை புழக்கத்தில் உண்டு. ஊர்ப் பெயரிலோ கடைப் பெயரிலோ இவை வந்தால், சொல்லை உங்கள் பக்கத்திலிருந்து நகலெடுத்துத் தேடாமல், கைபேசி விசைப்பலகையில் புதிதாகத் தட்டித் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் அப்படித்தான் தேடுவார்.

மூன்றாவது, பக்க முகவரி. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 'தென்னங்கன்று நடும் முறை' என்ற மூன்று சொல்லும் இடைக்கோடுகளோடு 191 இடத்தை விழுங்கிவிடும். நாலாவது சொல் பாதியில் வெட்டுப்படும். வாட்ஸாப்பில் பகிர்ந்தாலும் பல நேரம் அது சதவீதக் குறிகளின் அனுமார் வாலாகத்தான் போகிறது. புதுப் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல், இடையில் சிறு கோடு, அவ்வளவு போதும். ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருக்கும் தமிழ் முகவரியை அழகுக்காக மாற்ற வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் அமைப்பு) போடாமல் மாற்றாதீர்கள்.

எந்தச் சொல்லில் தேடுகிறார்கள்

அரசுக் கையேட்டில் 'தென்னை நாற்று' என்று இருக்கும். விவசாயி 'தென்னங்கன்று' என்பார், பல ஊர்களில் 'தென்னம்பிள்ளை' என்பார். மூன்றுக்கும் மூன்று பக்கம் எழுதுவது பெரிய தப்பு. மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, எதை முன்னே வைப்பது என்று கூகுளும் மாற்றி மாற்றிப் பார்க்கும். ஒரே பக்கம் எழுதுங்கள். அதிகம் தேடப்படும் சொல் தலைப்பில் வரட்டும், மற்றவை உரைக்குள் இயல்பாக வரட்டும். ஏற்கெனவே மூன்றாக எழுதியிருந்தால், நல்ல பகுதிகளை ஒன்றில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் அங்கே திருப்பிவிடுங்கள்.

எது அதிகம் தேடப்படுகிறது என்று அறிய விலை கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் கேட்பதை அவர் வாயால் சொன்னபடியே ஒரு வாரம் குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கூகுளில் பாதி தட்டி, அது நீட்டிக் காட்டும் சொற்களைப் பாருங்கள். அதையே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியும் பாருங்கள். கைபேசியில் அப்படித் தேடுகிறவர்கள் ஏராளம். அதற்காகத் தங்கிலீஷில் தனிப் பக்கம் எழுத வேண்டாம், படிக்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். முகவரியும் படக்கோப்புகளின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருந்தால் போதுமானது.

தளம் சில மாதம் ஓடியிருந்தால் சர்ச் கன்சோலைவிடச் சிறந்த சுரங்கம் இல்லை. செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கும். சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள கேள்விகளை மட்டும் வடிகட்டுங்கள். அவற்றுக்குக் கூகுள் உங்களை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது, முதல் பக்கத்தின் மேல்பாதிக்குத்தான் இன்னும் வரவில்லை. புதுக் கட்டுரை எழுதுவதற்கு முன் இவற்றைச் சரிசெய்வதே லாபம். உதாரணமாக, 'குரும்பை உதிர்வது ஏன்' என்ற கேள்விக்கு உங்கள் உரப் பக்கம் 14ஆம் இடத்தில் வருகிறதென்றால், அங்கே குரும்பை பற்றி ஒரே வரிதான் இருக்கும். அதைத் தனிப் பக்கமாக விரித்து எழுதி, உரப் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள்.

பதிலை முதலில் சொல்லுங்கள்

'தென்னை நடும் முறை' என்று தேடி வந்தவரிடம் 'தென்னை ஒரு கற்பகத்தரு, அதன் ஒவ்வொரு பாகமும்' என்று தொடங்கினால் அவர் திரும்பிப் போய்விடுவார். கேட்டதற்கான பதில் முதல் பத்தியிலேயே வர வேண்டும்: நெட்டை ரகத்துக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி, ஏக்கருக்கு ஏறத்தாழ 70 கன்று, குழி நீளம் அகலம் ஆழம் மூன்றும் 3 அடி. விளக்கமும் காரணமும் அதற்குப் பிறகு வரலாம்.

அடுத்து, வேறு தளங்களில் இல்லாத ஏதாவது உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். நாற்றுப்பண்ணைக்காரருக்கு இது எளிது. நல்ல கன்று என்றால் கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ., குறைந்தது 6 இலை என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கழுத்தை நாடாவால் அளக்கும் படமும், கழித்துப்போட்ட கன்றின் படமும், இன்றைய விலையும் உங்களிடம் மட்டுமே இருக்கும்.

தலைப்பில் முக்கியச் சொல்லை முதலிலேயே வையுங்கள். தமிழ் எழுத்து அகலமானது, கைபேசித் திரையில் சீக்கிரம் வெட்டுப்படும். பண்ணையின் பெயர் கடைசியில் வரட்டும். தேடலில் தலைப்புக்குக் கீழே வரும் பக்க விவரணை தரவரிசையை உயர்த்தாது, ஆனால் சொடுக்குவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதில் 'சிறந்த தரம்' என்று எழுதுவதைவிட விலையையும் ஊரையும் எழுதுங்கள்.

சில வேலைகளை விட்டே விடலாம். பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் முக்கியச் சொல் பட்டியலான மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. நூறு சொல்லுக்கு இத்தனை முறை முக்கியச் சொல் வர வேண்டும் என்ற கணக்குக்கும் அடிப்படை இல்லை. கேள்வி பதில் ஸ்கீமாவை (இது கேள்வி, இது பதில் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நிரல் குறி) சேர்த்தால் தேடலில் விரிந்து தெரியும் என்ற காலமும் போய்விட்டது. 2023இல் அதை அரசு, சுகாதாரத் தளங்களோடு கூகுள் சுருக்கிக்கொண்டது. ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திர மொழிபெயர்ப்பில் தள்ளி நூற்றுக்கணக்கில் ஏற்றுவது இன்னும் மோசம். படிப்பவருக்குப் பயன் தராமல் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

உள் இணைப்புகள்

இணைப்பு என்றதும் வெளியாரைத் தேடி ஓடுகிறோம். உங்கள் கையிலேயே இருக்கும் இணைப்புகளைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும்.

சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை உள் இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். விலைப் பக்கத்துக்கு இரண்டும், தொடர்புப் பக்கத்துக்கு நாற்பதும் இருக்கும். மெனு செய்யும் வேலை அது. அதிகம் பேர் வரும் நோய், உரப் பக்கங்களின் உரைக்குள்ளிருந்து விலைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். இணைப்புள்ள சொல் போகும் இடத்தைச் சொல்ல வேண்டும்: 'இங்கே சொடுக்கவும்' என்பதற்குப் பதில் 'நெட்டைக் குட்டை கன்று விலை'. ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒரே சொற்றொடர் வேண்டியதில்லை, வாக்கியம் கேட்கும் வேற்றுமை உருபோடு வரட்டும். பொத்தானை ஜாவாஸ்கிரிப்டால் மட்டும் இயக்கினால் கூகுள் அதைப் பின்தொடராது. நிரலில் எச்ரெஃப் என்ற இடத்தில் போகும் முகவரியுள்ள உண்மையான இணைப்பாக இருக்க வேண்டும்.

வெளியே இணைப்புக் கொடுத்தால் நம் மதிப்பு ஒழுகிவிடும் என்ற பயம் வேண்டாம். உர அளவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைச் சுட்டினால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். பணம் வாங்கிக்கொண்டு போடும் இணைப்புக்கு மட்டும் ஸ்பான்சர்ட் என்ற குறி கட்டாயம். 2019இல் வந்தது அது. இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் பழைய நோஃபாலோ குறியும் செல்லும்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகள்

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் ஸ்டான்ஃபோர்டில் பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறையை முன்வைத்தபோது, ஒரு பக்கத்தை யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவருக்கு எவ்வளவு மதிப்பு என்பதே கணக்காக இருந்தது. இன்று அது பல அளவுகோல்களில் ஒன்று, ஆனாலும் போய்விடவில்லை.

ஆயிரம் இணைப்பு இத்தனை ரூபாய் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். 2012 ஏப்ரலில் வந்த பென்குவின் என்ற கூகுள் தேடல் மாற்றம் இப்படி இணைப்பு வாங்கிய தளங்களைக் கீழே தள்ளியது. 2016க்குப் பிறகு பெரும்பாலும் அந்த இணைப்புகளையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே காசு தண்டம். அத்துமீறினால் ஆளே பார்த்து நடவடிக்கை எடுப்பதும் உண்டு. சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும், இணைப்புகளை நீக்கிவிட்டு மறுபரிசீலனை கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். விக்கிப்பீடியாவில் போய் இணைப்பைச் செருகுவதும் வீண். அங்குள்ள வெளி இணைப்புகள் நோஃபாலோ, கூடவே தொகுப்பாளர்களின் கோபமும் கிடைக்கும்.

தென்னங்கன்று விற்கும் தளத்தை யார் சுட்டுவார்கள்? விலைப் பக்கத்தை ஒருவரும் சுட்டமாட்டார்கள். அடுத்தவர் எழுதும்போது மேற்கோளாகப் பயன்படும் ஒன்றை உருவாக்க வேண்டும். அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கொப்பரை விலையை வாரந்தோறும் ஒரே பக்கத்தில், பழையதை அழிக்காமல், சேர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு ஆண்டு சேர்ந்தால் செய்தியாளரும் மாணவரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தேடி வரும் பக்கம் அது. பிறகு அவர்களில் பொருத்தமானவருக்கு நாலு வரியில் எழுதுங்கள்: உங்கள் இந்தக் கட்டுரையில் இந்தப் பத்தியில் விலை நிலவரம் வருகிறது, முழு வரலாறும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் செத்துப்போன இணைப்பு ஏதாவது கண்ணில் பட்டு, அதற்கு ஈடு உங்களிடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படி எழுதும் மடலுக்குத்தான் பதில் அதிகம் வரும்.

சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

மாற்றம் செய்த நாளைக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவுக்கு வராதீர்கள். தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை ஏறி, சொடுக்கு ஏறாவிட்டால் தலைப்பையும் விவரணையையும் மாற்றிப் பாருங்கள். சொடுக்கு இருந்தும் தொலைபேசி வரவில்லையென்றால் பக்கத்தில்தான் ஏதோ இல்லை, பெரும்பாலும் விலை.

போன மாதத்தோடு ஒப்பிடுவது தென்னை போன்ற பருவத் தொழிலில் ஏமாற்றும். கன்று நடுவது ஜூன், ஜூலையிலும் டிசம்பர், ஜனவரியிலும். ஆகஸ்டில் தேடல் சரிவது உங்கள் பிழையாக இருக்க வேண்டியதில்லை. சர்ச் கன்சோலில் தேதி ஒப்பீட்டைச் சென்ற ஆண்டின் அதே மாதங்களுக்கு வைத்துப் பாருங்கள். ஜூன் நடவுக்கான பக்கத்தை மார்ச்சுக்குள் எழுதி ஏற்றிவிடுங்கள். மே கடைசியில் ஏற்றினால் அது மேலே வருவதற்குள் குழியெல்லாம் மூடியிருப்பார்கள்.