நெல் உமி 40 சதவீதம்: பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்கோடு கலந்து பெல்லட் (சிறு மணிகள்) எடுக்கும் முறை

உமியை ரப்பர் ரோல் ஷெல்லர் (ரப்பர் உருளைகளால் உமியை மட்டும் உரிக்கும் இயந்திரம்) உள்ள மில்லில் வாங்குங்கள். பழைய ஹல்லர் மில்லில் உமியோடு தவிடும் சேர்ந்து வரும். தவிட்டில் உள்ள எண்ணெய் காறல் வாடை தரும். உமித்தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டுவதையும் கெடுக்கும்.

கல், மண் போகச் சலித்து, காந்தத்தின் மேல் ஓட விட்டு, ஹேமர் மில்லில் 60 முதல் 100 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு அத்தனை கண் உள்ள சல்லடை அளவு) வரை அரைக்க வேண்டும். அதைவிடக் கொரகொரப்பாக இருந்தால் பொருள் எளிதில் உடையும். தூள் பறந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, நுரையீரலுக்கும் கெடுதல். தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் மில்லை ஓட்டாதீர்கள்.

பெரும்பாலான தொல்லை ஈரத்தில்தான் தொடங்குகிறது. கையில் அள்ளினால் சலசலக்கும் உமியிலும் 10 சதவீத ஈரம் இருக்கலாம். 10 கிலோவுக்கு அது 1 லிட்டர் தண்ணீர். ஆவியானால் சுமார் 1,700 லிட்டர். எக்ஸ்ட்ரூடருக்குள் (பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளும் இயந்திரம்) அது போக வழியில்லாமல் நுரையாகும். எனவே 105 டிகிரியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். சிறிது தூளை எடை போட்டு, மறுபடி சூடாக்கி எடை போடுங்கள். குறைவது 1 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை விடக்கூடாது. உலர்ந்ததும் மூடி வையுங்கள், ஒரு இரவு திறந்து கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

25 கிலோ கலவைக்கு: உமித்தூள் 10 கிலோ, இன்ஜெக்‌ஷன் தர பி.பி. 13.95 கிலோ, மேலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பி.பி. 750 கிராம், அமைடு மெழுகு 250 கிராம், ஆன்டிஆக்ஸிடன்ட் 50 கிராம். உமி தண்ணீரை விரும்பும், பி.பி. எண்ணெய்த் தன்மை கொண்டது. இரண்டையும் பிணைப்பது அந்த 750 கிராம்தான். செலவு மிச்சம் என்று அதை விட்டால், வளைக்கும்போது தூள் தனியாகக் கழன்று முறியும். கையிருப்பில் ஜிங்க் ஸ்டியரேட் இருக்கிறதே என்று மெழுகுக்குப் பதிலாகப் போடவும் வேண்டாம். அதன் உலோகம் மேலியிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரிந்து பிணைப்பைத் தின்றுவிடும்.

இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரே ஏற்றது. முதலில் பி.பி. உருகட்டும், உமித்தூளைப் பக்கவாட்டு ஃபீடரில் கொடுங்கள். வெப்பம் 170 முதல் 185 டிகிரி. பி.பி. உருகுவது 165 டிகிரியை ஒட்டி. 200 தாண்டினால் உமி கருகத் தொடங்கும். வேலை செய்ய இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். ஆவி வெளியேற ஒரு திறப்பும், அதற்குப் பின் வேக்குவமும் தேவை. தண்ணீர்த் தொட்டியில் குளிரவைத்தால் பெல்லட் ஈரம் ஏற்கும். காற்றில் ஆற்றுவது மேல்.

வார்ப்பதற்கு முன் பெல்லட்டை 90 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்துங்கள். மேற்பரப்பில் வெள்ளிக் கோடு தெரிந்தால் ஈரம் மிச்சம். கருகிய வாடையும் கறுத்த திட்டும் வந்தால் பேரல் (திருகு சுழலும் குழாய்) சூட்டை மட்டும் பார்க்காதீர்கள்: சிறிய கேட் (அச்சுக்குள் உருகல் நுழையும் வாய்) வழியாக வேகமாகத் தள்ளினாலும் உராய்வுச் சூடு ஏறும். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், போதாவிட்டால் கேட்டைப் பெரிதாக்குங்கள்.

பூந்தொட்டி, ஹேங்கர், பெட்டிக்கு இது பொருந்தும். பழுப்பு நிறம் போகாது, வெளிர் நிறம் கேட்பவருக்கு உதவாது. கீழே விழுந்தால் அடி தாங்கும் திறன் வெறும் பி.பி.யைவிடக் குறைவு. பாதிக்கு மேல் பி.பி. என்பதால் "மக்கும்" என்று அச்சிடக்கூடாது.

உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை சிலிக்கா. அது திருகையும் பேரலையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பைமெட்டாலிக் பேரல் (உட்புறம் தேயாத கடின உலோக அடுக்கு உள்ளது) போடுங்கள், திருகின் விட்டத்தை அவ்வப்போது அளந்து எழுதி வையுங்கள். அதே வேகத்தில் வெளிவரும் அளவு குறைந்துகொண்டே போனால் தேய்மானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.