வேலூரிலிருந்து நாகை கடற்கரைக்கு: நடை சாத்துவதற்குள் போய்ச் சேருவது எப்படி?

எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும் சொலவடை ஒன்று உண்டு: "திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, வேதாரண்யம் விளக்கழகு, விரிஞ்சிபுரம் மதிலழகு." விரிஞ்சிபுரம் நமக்குப் பக்கத்து ஊர். கார்த்திகைக் கடை ஞாயிறுக்குச் சிம்ம தீர்த்தத்தில் நிற்கும் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அந்த மதிலைப் பார்த்து வளர்ந்தாயிற்று. விளக்கைத்தான் பார்க்கவில்லை. அதற்காக மூன்று வருடம் முன்பு குடும்பத்தோடு கிளம்பி, வேதாரண்யம் கோயில் வாசலில் இறங்கியபோது மணி 12.20. நடை சாத்தியிருந்தது.

ஆயா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "இந்தக் கதவ அப்பர் பாடித்தான் தொறந்தாராம். நீதான் காலேஜ் எல்லாம் படிச்சவனாச்சே, பாடு. தொறக்குதா பாப்போம்."

நாலு மணி வரை அங்கேயே இருக்க நேரமில்லை. வேறு ஊர் பாக்கி இருந்தது. திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கூட்டிப்போனேன். அந்தத் திட்டம்தான் இது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு முதல் தடவை போகிற வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்களுக்கு. சனி, ஞாயிறு: இரண்டு பகல், ஒரு ராத்திரி.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி, பிப்ரவரி உத்தமம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கோடியக்கரையில் பறவைகள் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நமக்குத் தூறலாக வரும், அங்கே புயலாக வரும். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்ததே வேதாரண்யத்துக்குப் பக்கத்தில்தான். சித்திரை வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் நம்ம ஊர் வெயில் சுடும், அவ்வளவுதான். கடலோர வெயில் சட்டையோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு சட்டை கூடுதலாக எடுத்து வையுங்கள்.

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். நம் பக்கத்திலிருந்தே காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் உண்டு. வேண்டுதல் இருந்தால் அந்தப் பதினொரு நாளில் போங்கள், ஊர் சுற்றிப் பார்க்க என்றால் வேண்டாம். நாகூர் கந்தூரி 14 நாள். ஹிஜ்ரி கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். போன வருடத் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

படி 2: வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

இதைச் செய்யாமல் கிளம்பினால் வழியெல்லாம் பஞ்சாயத்துதான். எங்கள் வீட்டில் ஆயாவுக்கு விளக்கு. அம்மாவுக்குச் சிக்கல் சிங்காரவேலர். என் தம்பி பையனுக்கு வேளாங்கண்ணியில் மொட்டை. நைனாவுக்கு உப்புச் சத்தியாகிரகத் தூண். என் மகளுக்குக் கடல், கடல் மட்டும்தான். எல்லாம் ஒரே மாவட்டத்தில் அடங்கும் என்பதே இந்தப் பயணத்தின் சௌகரியம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் தரங்கம்பாடி, பூம்புகார், திருக்கடையூர் எல்லாம் நாகை மாவட்டம் என்றே இருக்கும். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவை அந்தப் பக்கம் போய்விட்டன. அவற்றையும் இதே இரண்டு நாளில் திணிக்காதீர்கள்.

படி 3: வழியும் வண்டியும்

கார் என்றால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பாகாயம், கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர். நடுவில் டிபனுக்கு நிறுத்துவதையும் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வாடகை வண்டியானால் பெர்மிட் யார் கணக்கு என்பதை வேலூரிலேயே பேசி முடித்துவிடுங்கள். எல்லையில் நின்று பேசினால் விலை வேறாகிவிடும்.

ரயில் என்றால் திருப்பதி–மன்னார்குடி பாமணி எக்ஸ்பிரஸ் காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாகத் திருவாரூர் போகிறது. தினசரி வண்டி இல்லை, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். திருவாரூரிலிருந்து நாகைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

ராத்திரி முழுக்க ஓட்டிப் போய்க் காலையில் இறங்கும் திட்டம் வேண்டாம். நாங்கள் முதல் தடவை செய்தது அதுதான். எல்லாருக்கும் தூக்கம், குளித்துக் கிளம்பவே பதினொன்று, அப்புறம் அந்த 12.20. விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புங்கள்.

படி 4: நேர அட்டவணை போடும் சூட்சுமம்

சிவன் கோயில், முருகன் கோயில், பெருமாள் கோயில் எல்லாம் மதியம் 12 வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மாதா கோயில் பகலிலும் திறந்திருக்கும். தர்கா வளாகத்துக்குள்ளும் மதியம் போகலாம். கடலுக்குக் கதவே கிடையாது. ஆகவே காலையும் மாலையும் கோயில்களுக்கு. நடுப்பகல் தர்காவுக்கு, மாதாவுக்கு, சாப்பாட்டுக்கு, தூக்கத்துக்கு. ஒரு தாளில் 12-க்கும் 4-க்கும் கோடு போட்டுவிட்டு அப்புறம் ஊர்களை எழுதுங்கள். ஊர்ப் பெயரை முதலில் எழுதினால் படியில் உட்கார வேண்டியதுதான்.

படி 5: முதல் நாள் — நாகூர், சிக்கல், நாகை

பதினொன்று வாக்கில் நாகூர் வந்துவிடும். 1570-ல் மறைந்த ஷாகுல் ஹமீது ஆண்டவரின் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். கைக்குட்டையோ தொப்பியோ தலையில் போட்டுக்கொள்ளுங்கள், பெண்களுக்கு முந்தானை போதும். எல்லா மதத்தாரும் வருகிற இடம், கூச்சப்பட ஒன்றுமில்லை. வியாழன் சாயங்காலம் கூட்டம் தாங்காது. நாம் சனிக்கிழமை பகலில் போவதால் நிதானமாக நிற்கலாம். வெளியே கடைகளில் வாடா கேளுங்கள். வடை இல்லை, வாடா. இறால் வைத்துச் சுடுவது. ஆம்பூர் பிரியாணியைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை என்று நம்புகிற என் தம்பி நாலு தின்றான்.

அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு முக்கால் மணிக்குள் போய்விடலாம். அறையில் பையைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். அறையை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், பேராலயத்தின் சொந்த விடுதிகளே நிறைய உண்டு. வண்டியை நிறுத்தியதும் "ரூம் வேணுமா சார்" என்று கண்ணாடியைத் தட்டுபவர்களின் பின்னால் போய் ஒரு லாட்ஜில் நாங்கள் கொடுத்த தொகையை நினைத்தால் இன்னமும் நைனா முறைக்கிறார்.

மாலை நாலரைக்குச் சிக்கல். நாகையிலிருந்து திருவாரூர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர்தான். வெண்ணெயைப் பிடித்து வைத்து வசிட்டர் பூசித்ததால் சிவனுக்கு நவநீதேசுவரர் என்று பெயர், ஆனால் கூட்டம் வருவது முருகனுக்கு. சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்பார்கள். கந்தசஷ்டியில் அம்மனிடம் வேல் வாங்கும் நேரத்தில் சிங்காரவேலர் முகத்தில் வேர்வை அரும்பும், அர்ச்சகர் துணியால் ஒற்றி எடுப்பார் என்று சொல்வார்கள். வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் வருடா வருடம் படியேறும் அம்மா, இங்கே மலையேறாமலே முருகனைப் பார்த்துவிட்டதைக் கொஞ்சம் குறையாகவே சொன்னார்.

ஆறரைக்கு நாகை காயாரோகணேசுவரர், நீலாயதாட்சி. மூவர் பாடிய தலம். எனக்குப் பிடித்தது இந்த ஊர் அதிபத்த நாயனாரின் கதை. வலையில் முதலில் விழும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுகிற பரதவர். நாள் கணக்காக ஒற்றை மீன்தான் விழுந்தது, அதையும் விட்டார். கடைசியில் பொன் மீன் விழுந்தது, அதையும் விட்டார். ஆவணியில் அதைத் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். நேரமிருந்தால் சௌந்தரராஜப் பெருமாள், திருமங்கையாழ்வார் பாடியது.

நாகையில் தேடினாலும் கிடைக்காத ஒன்று சூடாமணி விகாரம். ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய புத்த விகாரம், அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரையே தானமாகக் கொடுத்தான். கடைசி மிச்சத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். தானம் எழுதிய செப்பேடு நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று காலேஜ் படிப்பைக் காட்டினேன். "ஊர விட்டுட்டு ஓலைய வச்சிக்கினாங்களா" என்றார் ஆயா.

படி 6: இரண்டாம் நாள் காலை — கோடியக்கரை, வேதாரண்யம்

ஐந்தரைக்கு வண்டியில் இருக்க வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

முதலில் கோடியக்கரை, திரும்பும்போது வேதாரண்யம். வெளிமான்கள் வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும், அதனால்தான் இந்த வரிசை. 1967 முதல் சரணாலயம். வனத்துறையிடம் சீட்டு எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். திருகுக் கொம்பு வைத்த ஆண் மான் முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, பார்க்கவே மை தொட்டு வரைந்த மாதிரி இருக்கும். எங்களுக்கு இருபது முப்பது அடி தூரத்தில் ஒன்று நின்று, காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது. யாரும் வளர்க்காமல் காட்டிலேயே பெருகிய குதிரைகளும் உண்டு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், ஆனால் அவை உப்பளத்துப் பக்கம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். பைனாகுலர் யாரிடமாவது கடன் வாங்கிப் போங்கள். ராமர் பாதம் என்ற சின்ன மேடுதான் அந்தப் பகுதிக்கே உயரமான இடம். வேலூர் மலைகளைப் பார்த்த கண்ணுக்கு அது மலையா என்று சிரிப்பு வரும். ஏறி நின்று பாருங்கள், சுற்றிலும் அப்படி ஒரு தட்டையான பூமியை நம் ஜில்லாவில் பார்க்க முடியாது.

ஒன்பதரைக்குள் வேதாரண்யம். வேதங்கள் பூசித்துவிட்டுச் சாத்திப் போன கதவு, ஊரார் பக்கவழியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் வந்தபோது அப்பர் பதிகம் முழுக்கப் பாடி, இரக்கமே இல்லையா என்று கேட்ட பிறகே திறந்தது. சம்பந்தர் ஒரே பாட்டில் மூடிவிட்டார். நமக்குத் திறப்பதற்குத்தான் கஷ்டம், மூடுவது தானாக நடக்கும். அம்பாள் பெயர் யாழைப் பழித்த மென்மொழியாள். அந்தக் குரலுக்கு முன்னால் எதற்கு என்று இங்கே சரஸ்வதி கையில் வீணை இல்லை.

விளக்குக்கு வருகிறேன். அணையப்போன விளக்கில் நெய் குடிக்க வந்த எலி தெரியாமல் திரியைத் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆயிற்று. ஆயா சன்னதியில் கற்பூரத்தைக்கூடக் கவனிக்கவில்லை. தூங்காவிளக்கின் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்: "நம்ம மதிலு பெருசு. இது சின்னதா கீது. ஆனா நல்லா கீது."

பக்கத்திலேயே அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் நடந்து புறப்பட்டு, 28-ல் வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். ஊர்ப்பக்கம் அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. தூணை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உப்பளத்தில் நில்லுங்கள். கண் கூசும் வெள்ளைக் குவியலுக்குப் பக்கத்தில் ஆட்கள் வெறும் காலோடு வேலை செய்வதைப் பார்த்த பிறகு நைனா சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

படி 7: நடுப்பகல் — வேளாங்கண்ணி

பன்னிரண்டரைக்குத் திரும்பிவிடலாம். 1962-ல் போப் 23-ஆம் யோவான் பசிலிக்கா அந்தஸ்து கொடுத்த பேராலயம். பால் கொண்டுபோன பையனுக்கு மாதா காட்சி கொடுத்த குளமும், மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து நடந்த நடுத்திட்டும் தனித்தனி இடங்கள், இரண்டையும் பாருங்கள். குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலால் நகர்ந்து போகிறவர்களுக்கு வழி விடுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். மொட்டைக்கு முறையான சீட்டு வாங்கும் இடத்திலேயே போங்கள். காணிக்கைப் பொருள்கள் வைத்திருக்கும் காட்சிசாலையில் குழந்தை வரம் கேட்டவர்கள் கொடுத்த தொட்டில்கள் முதல் வெள்ளியில் செய்த கை, கால், கண் வரை இருக்கின்றன.

இனி கடல். நாம் பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்தவர்கள், தண்ணீரைக் கண்டால் தலைகால் புரியாது. கணுக்காலுக்கு மேல் போகக் கூடாது, பிள்ளையின் கையை விடக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்தது இந்த மாவட்டம்தான், ஆறாயிரத்துக்கும் மேல். கரையில் சுண்டல் விற்கும் அம்மா என் மகளைப் பார்த்து, "பாப்பா, கடலுக்கு முதுகு காட்டி நிக்காத" என்றார். அதட்டல் இல்லை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். மகள் உடனே திரும்பி நின்றாள்.

படி 8: திரும்புவது

மூன்று மணிக்குக் கிளம்பினால் பத்து, பத்தரைக்கு வீடு. திங்கள் லீவு கிடைத்தால் இன்னொரு ராத்திரி தங்கி, காலையில் எட்டுக்குடி முருகனையும், தியாகேசரின் ஏழு தலங்களான சப்த விடங்கத் தலங்களில் ஒன்றான திருக்குவளையையும் பார்த்துவிட்டு வரலாம்.

கருவாடு வாங்கினால் இரண்டு கவரில் கட்டி டிக்கியில் போடுங்கள், ஏசி காரில் உள்ளே வைத்தால் ஒரு வாரத்துக்கு வாசனை போகாது.

கிளம்பும் தேதியை உறுதி செய்யும் முன் காலண்டரில் பௌர்ணமி பாருங்கள். அன்று ராத்திரி திருவண்ணாமலை வழியாக வேலூர் திரும்ப நினைத்தால், கிரிவலக் கூட்டத்தில் வண்டியைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. வீடு சேர ஒன்றே முக்கால். ஆயா மட்டும் வண்டிக்குள்ளிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இதற்குக் கணக்கில் தனியாகக் காசு சேர்க்காதே என்றார்.